முதல் ட்ரம் செட்: காசு காலுக்குக் கீழே போகட்டும்

ட்ரம்ஸ் பழக ஆசைப்படுகிற பிள்ளை முதலில் பார்ப்பது நிறத்தை. சிவப்பா, கறுப்பா, மினுங்குகிற நீலமா என்று. அடுத்தது கம்பனிப் பெயர்: பேர்ளா, டாமாவா, யமஹாவா. விலையைக் கேட்ட பிறகு இரண்டையும் விட்டுவிட்டு, ஆகக் குறைந்த விலைக்கு முழுச் செட்டும் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கும். நிறம், பெயர், விலை எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு வாங்குகிறவர் அதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். செட் எந்த அறையில் இருக்கப்போகிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் யார்? உங்கள் இரண்டு கால்களும் எதை மிதிக்கப்போகின்றன?

கால் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் கைத்தாளத்துக்குப் பஞ்சமில்லை. கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளத்தையும் சல்லரியையும் கேட்டு வளர்ந்தவர்கள், கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்கும் பறையும் கேட்டவர்கள், பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் கப்ரிஞ்ஞாவுக்கு ஆடியவர்கள் நிறையப் பேர். மேசையில் தட்டச் சொன்னால் பைலாத் தாளம் தானாக வரும். திணறல் வருவது வலது காலால் கிக் (பெரிய பேஸ் ட்ரம்மைப் பெடலால் அடிப்பது), இடது காலால் ஹைஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற சிம்பல் சோடியை மூடித் திறப்பது), மேலே இரண்டு கையும் வேறு வேறு வேலை என்று நான்கையும் பிரிக்கச் சொல்லும்போதுதான். ஆகவே முதல் செட்டிடம் எதிர்பார்க்க வேண்டியது காலைப் பழக்குகிற வேலையை. கீழே வருகிற ஒவ்வொரு வகையையும் நான் அந்தக் கண்ணாலேயே பார்க்கிறேன்.

விலையை ரூபாயில் எழுதிப் பயனில்லை. ட்ரம் செட் இறக்குமதிச் சாமான். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் பங்காகப் பேசுவோம். கையில் இருக்கிற காசில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செட்டுக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் ஸ்டூல், குச்சி, புது ஹெட் (ட்ரம்மின் தோல்), காதடைப்பான், தேவைப்பட்டால் நல்ல பெடல் என்று போய்விடும். முழுக் காசையும் செட்டுக்குக் கொட்டிவிட்டு, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கதிரையின் உயரம் மாறாது, கைப்பிடி முழங்கையில் இடிக்கும், நாரி பிடிக்கும். கொஞ்ச நாளில் செட்டின் மேல் உடுப்புக் காயும்.

ஆக மலிவான தொடக்கம் பிரக்டிஸ் பாட். ஒரு ரப்பர் பாட், 5ஏ அளவுக் குச்சி ஒரு சோடி. சின்னக் கை என்றால் 7ஏ, அது கொஞ்சம் மெல்லிசு. இதை ட்ரம் செட்டுக்குப் பதிலாக எண்ண வேண்டாம். ஆனால் எந்தச் செட் வாங்கினாலும் பாட் வீணாகப் போகாது, பத்து வருடம் கழித்தும் அதில்தான் கையைச் சூடாக்குவீர்கள். பிள்ளைக்கு ஆசை நிலைக்குமா என்று சந்தேகப்படுகிற அப்பா அம்மாவுக்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை. காலுக்கு இது எதுவும் செய்யாது. குதியால் நிலத்தில் தட்டிப் பழகலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே மத்தளமோ தவிலோ தெரிந்தவர் ரப்பர் பாடோடு அதிக நாள் நிற்கத் தேவையில்லை.

அடுத்தது ஒக்டபாட். நம் ஊர் இசைக்குழுக்களில் எல்லாரும் கண்டு பழகியது. ரோலண்ட் கம்பனி 1985 இல் முதன்முதலாக விட்டது, எட்டுத் தட்டு உள்ள பெட்டி. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம், தபேலாவும் டோலக்கும் அதற்குள்ளேயே இருக்கும், கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் உழைத்துக் காசு பார்க்கலாம். 'ட்ரம்ஸ் பழக இது போதும்' என்று அண்ணன்மார் சொல்வதும் இதனால்தான். எனக்கு உடன்பாடில்லை. கிக் பெடலும் ஹைஹாட் பெடலும் அதில் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டியவை. முக்கால்வாசிப் பேர் வாங்குவதில்லை, கையாலேயே கிக்கையும் அடித்துச் சமாளிக்கிறார்கள். அது தனிக் கலை, அதில் விண்ணர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் பழகியவரைக் கொண்டுபோய் ஒரு ட்ரம் செட்டில் இருத்தினால் கால் இரண்டும் சும்மா தொங்கும். போதாக்குறைக்கு, புதிய ஒக்டபாட் தொடக்கநிலை எலெக்ட்ரோனிக் செட்டைவிட மலிவும் இல்லை. இசைக்குழுவில் சேர்வதுதான் நோக்கம் என்றால் எடுங்கள். ட்ரம்ஸ் பழகுவது நோக்கம் என்றால் வேண்டாம்.

சரி, உண்மையான செட்டுக்கு வருவோம். ஐந்து ட்ரம் செட் என்றால் வழமையாக 22 அங்குல பேஸ் ட்ரம், 14 அங்குல ஸ்னேர் (அடியில் கம்பிகள் பூட்டிய ட்ரம்), மேலே இரண்டு டொம் (கம்பி இல்லாத சின்ன ட்ரம்), பக்கத்தில் காலூன்றி நிற்கிற 16 அங்குல ஃபுளோர் டொம். 20 அங்குல பேஸும் 10, 12, 14 டொம்களும் உள்ள சிறிய அளவும் உண்டு. நம் வீட்டு அறைகளுக்கும் ஓட்டோவில் ஏற்றுவதற்கும் அந்தச் சிறியதுதான் தோது. நான்கு ட்ரம் போதும் என்பவர்களோடும் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஒரு டொம் குறைந்தால் ரைட் சிம்பலைக் கிட்டக் கொண்டுவரலாம்.

பெயர் தெரியாத புதுச் செட்டுகள் படத்தில் அழகாக இருக்கும். அவற்றில் ட்ரம் கூடு அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. மரப் பலகையை வளைத்து ஒட்டுவது இன்று பெரிய வித்தை அல்ல, நல்ல ஹெட் போட்டுச் சுருதி கூட்டினால் கேட்கக்கூடியதாகவே இருக்கும். காசை மிச்சம் பிடிப்பது இரும்பில்தான். ஸ்டாண்டின் கால்கள் ஒற்றைத் தகடு, இறுக்கினால் மரை வழுக்கும். பெடலின் மிதிதட்டு பக்கவாட்டில் ஆடும். ஹைஹாட் ஸ்டாண்டை மிதித்தால் எழும்பி வர நேரமெடுக்கும். சிம்பல் மெல்லிய பித்தளைத் தகடு, அடித்தால் சட்டி மூடி விழுந்த சத்தம். பழகுகிறவர் தன் கால் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார், பிழை பெடலில் இருக்கும். முதல் செட்டில் ஏற்படக்கூடிய ஆகப் பெரிய நட்டம் இது என்பேன்.

புதிதுதான் வேண்டும் என்றால் பேர்ள் ரோட்ஷோ, டாமா இம்பீரியல்ஸ்டார் மாதிரித் தொடக்கநிலைச் செட்டுகளைப் பாருங்கள். இரண்டுமே பொப்லர் மரம், ஸ்டாண்டும் பெடலும் சிம்பலும் சேர்ந்து வருகிற வகை. இம்பீரியல்ஸ்டாரோடு வருவது மைனல் எச்சிஎஸ் சிம்பல். அதுவும் பித்தளைதான், ஆனால் பெயர் இல்லாத பித்தளையைவிட எவ்வளவோ மேல். யமஹா ரைடீன் பெரும்பாலும் சிம்பல் இல்லாமல் விற்கப்படுவது, விலையை ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள். சிம்பல் இல்லாத செட் எப்போதும் மலிவாகத் தெரியும்.

என் கை நீளுவது பழைய செட்டுக்கு. பேர்ள் எக்ஸ்போட் 1982 இல் வந்தது, உலகத்தில் ஆக அதிகம் விற்ற செட்டுகளில் ஒன்று. அதனால் பழையது எங்கும் சுற்றிக்கொண்டிருக்கும். இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் போடுகிறார்கள், சேர்ச்சுகளும் புதிது எடுக்கும்போது பழையதைத் தள்ளிவிடும். இருபது வருடப் பழைய எக்ஸ்போட்டையும் பெயரில்லாத புதுச் செட்டையும் ஒரே விலைக்குத் தந்தால் யோசிக்காமல் பழையதை எடுப்பேன். மங்கிக் கறுத்த குரோம் கண்ணுக்குத்தான் குறை.

ஆனால் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். போனில் விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "அண்ணே, ஹைஹாட் க்ளச் இருக்கா?" மேல் சிம்பலைக் கம்பியோடு பிடித்து வைக்கிற விரலளவு சாமான் அது. அது இல்லாமல் ஹைஹாட் இல்லை. "எல்லாம் இருக்குடா தம்பி" என்று பதில் வந்தால் படம் கேளுங்கள். படம் வரத் தாமதமானால் இல்லை என்று அர்த்தம்.

நேரில் போனதும் டொம்மைத் தட்டிப் பார்க்காதீர்கள், பழைய ஹெட்டில் எந்த டொம்மும் நாராசமாகத்தான் கேட்கும். நிலத்தில் குந்தியிருந்து பெடலைப் பாருங்கள். மிதிதட்டைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள், ஆடினால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஸ்பிரிங் இழுவிசை மாற்றுகிற திருகு திரும்புகிறதா, பேஸ் ட்ரம் வளையத்தைப் பிடிக்கிற கவ்வி இறுகுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்னேர். பக்கத்து நெம்பை மேலும் கீழும் போட்டால் அடிக் கம்பிகள் 'சட்'டென்று பிரிந்து சேர வேண்டும். நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் பரவாயில்லை, நூல் மாற்றலாம். நெம்பு உடைந்திருந்தால் விலையைக் குறையுங்கள். ஒவ்வொரு திருகும் திரும்புகிறதா என்று ட்ரம் சாவியால் கால் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கல்லடி, நாவலடி, காரைதீவுக் கடற்கரைப் பக்கம் இருந்த செட் என்றால் உப்புக்காற்று திருகைத் துருவால் ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு எடுக்கலாம். ஒவ்வொரு ட்ரம்மிலும் இரண்டு மூன்று என்றால் எழும்பி வாருங்கள்.

விற்பவர் ஒத்துக்கொண்டால் ஒரு டொம்மின் ஹெட்டைக் கழற்றி, கூட்டின் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பள்ளமோ சிராய்ப்போ தட்டுப்பட்டால் அந்த ட்ரம் சுருதிக்கு நிற்காது. சிம்பலில் நகத்தால் விளிம்பைச் சுற்றி வாருங்கள், வெடிப்பு இருந்தால் நகம் மாட்டும். நடுத்துளை சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் இரும்புக் கம்பியில் நேரே உரசிக் கிடந்திருக்கிறது. துளையிலிருந்து வெடிப்புத் தொடங்கியிருக்கவில்லையென்றால் எடுக்கலாம், ஆனால் விலையைப் பேசுங்கள். அந்த உரசலைத் தடுக்கிற நைலோன் குழாய் பழைய ஸ்டாண்டுகளில் எப்போதும் காணாமற்போயிருக்கும். மோட்டார் சைக்கிள் பெற்றோல் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகினால் கச்சிதம். சிம்பலுக்கு அடியில் வைக்கிற ஃபெல்ட் இல்லையா, பழைய பாட்டாச் செருப்பில் வட்டம் வெட்டிப் போடுங்கள். சிம்பலை மேலே இறுக்குகிற விங் நட் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர், மலிவான ஸ்டாண்டில் 6. இரண்டும் பஜாரில் ஹாட்வெயார் கடையிலேயே கிடைக்கும். ஸ்டாண்டின் கால் உடைந்தால் வெல்டிங் கடைத் தம்பி பார்த்துக்கொள்வான். கொழும்பிலிருந்து சாலை வழி 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கிற நமக்கு, பழைய செட்டின் பெரிய அனுகூலம் இதுதான்: உடைவதில் பெரும்பங்கை ஊரிலேயே திருத்தலாம். டொம் பிடிக்கிற கம்பியில் மட்டும் கவனம். பேர்ளின் கம்பி யமஹாவுக்குப் பொருந்தாது, ஒரு கம்பி இல்லாத செட் சும்மா தந்தாலும் அலைச்சல்.

வாங்கிய பிறகு முதற்செலவு ஸ்னேருக்கும் பேஸ் ட்ரம்முக்கும் புது ஹெட். டொம் பொறுத்திருக்கும். சிம்பலில் ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் ஹைஹாட்டை மாற்றுங்கள், நாள் முழுக்க அடிபடுவது அது. பைஸ்ட்டி பிஎஸ்டி 5 போன்றவை 8 வீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம். பித்தளையிலிருந்து அதற்கு மாறினால் வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பழைய செட்டின் ஒரே எதிரி. ட்ரம் செட்டுக்குப் பின்னால் இருப்பவர் காதில் 100 டெசிபலுக்கு மேல் விழும். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணித்தியாலம் தாங்கலாம், 100 என்றால் 15 நிமிடம்தான். முதல் நாளிலிருந்தே காதடைப்பான் போடச் சொல்வது இதனால்தான். நம் வீடுகளோ ஓட்டுக் கூரை, கம்பி யன்னல், சுவருக்கும் கூரைக்கும் இடையில் காற்றுக்கு விட்ட இடைவெளி. கம்பளம் விரித்தும் மெத்தை சாத்தியும் சத்தத்தை உள்ளே அடைக்க முடியாது. திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலிருந்து பாடினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், பின்னேரம் ஐந்து மணிக்கு உங்கள் மகன் அரை மணித்தியாலம் அடித்தால் மதிலுக்கு மேலால் தலை தெரியும். அதைச் சமாளிக்கலாம். பாங்கு சொல்லும் நேரம், ஓ.எல். ஏ.எல். சோதனைக் காலம், ஒழுங்கையில் மரணவீடு நடந்தால் 31 ஆம் நாள் முடியும்வரை என்று நிறுத்த வேண்டிய இடங்களைக் கணக்கெடுங்கள். காத்தான்குடி, புளியந்தீவு போன்ற நெருக்கமான இடங்களில் மிச்சம் அடிக்கக் கிடைக்கும் நேரம் மிகவும் கொஞ்சம். செங்கலடி, திருக்கோவில் பக்கம் பெரிய வளவுக்குள் வீடு என்றால் கதையே வேறு.

நெருக்கமான வீட்டுக்கு எலெக்ட்ரோனிக் செட்: ட்ரம்முக்குப் பதில் தட்டுகள், சத்தம் ஹெட்போனில். இதில் ரப்பர் தட்டா, வலைத் தட்டா என்பதுதான் முதற்பிரிவு. வலைத் தட்டை ரோலண்ட் 1997 இல் விலையுயர்ந்த செட்டில் கொண்டுவந்தது. இப்போது அலேசிஸ் நைட்ரோ மெஷ் மாதிரி மலிவுச் செட்டிலும் வந்துவிட்டது. வலை மணிக்கட்டுக்கு இதம், வெளியே கேட்கிற 'டக் டக்'கும் குறைவு. காசு இடம்கொடுத்தால் ரப்பரை எடுக்க வேண்டாம். ஆனால் கடையில் எல்லாரும் கைத்தட்டைப் பற்றியே பேசுவார்கள், நீங்கள் கிக்கைப் பாருங்கள். யமஹா டிடிஎக்ஸ் 402கே செட்டில் கிக் என்பது அடிக்கிற தடி இல்லாத மிதிகட்டை. அரவமே இல்லை, இரவு பத்து மணிக்கும் அடிக்கலாம். ஆனால் தடி போய் ஹெட்டில் பட்டுத் திரும்பி வருகிற உணர்வை அது தராது, கால் பழக வேண்டியதே அந்தத் திரும்பலைத்தான். நைட்ரோவில் நிமிர்ந்து நிற்கிற தட்டும் உண்மையான பெடலும் உண்டு. கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் பிறகு நல்ல பெடல் வாங்கினால் அதையே இதில் பூட்டலாம். என் வாக்கு அதற்கு. மலிவுச் செட்டில் ஹைஹாட் மிதி எப்படியும் அரைகுறைதான், தட்டு ஓரிடத்தில் நிற்க மிதி வேறிடத்தில் கிடக்கும்.

இணையத்தில் எலெக்ட்ரோனிக் செட் பற்றி எழுதுகிற வெளிநாட்டவர் பாதி நேரம் கீழ்மாடிக்காரரைப் பற்றியே எழுதுவார்கள். மிதி அதிர்வு தரை வழியாக இறங்கும், அதற்கு டென்னிஸ் பந்து வைத்து மேடை கட்டு என்று. நமக்கு அந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை. நிலத்தில் போட்ட சீமெந்துத் தரையில் அதிர்வு மண்ணுக்குள் போய்விடும். ஒரு தடித்த கால்மிதி போதும், அதுவும் செட் வழுக்காமலிருக்க. மேல்மாடி அறை என்றால் மட்டும் யோசியுங்கள்.

நம் தலையிடி வேறு. மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் போனது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது. அப்போதெல்லாம் பழைய எக்ஸ்போட் பேசாமல் வேலை செய்யும். அதோடு மொடியூல் என்கிற மூளைப்பெட்டி பழுதானால் வெல்டிங் கடையால் ஒன்றும் ஆகாது, கட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான். மாரிக் காலத்து ஈரத்துக்கும் எறும்புக்கும் அதை மூடி வையுங்கள், இடி முழங்கினால் அடப்டரைக் கழற்றிவிடுங்கள். பழைய எலெக்ட்ரோனிக் செட் எடுக்கிற எண்ணம் இருந்தால் நான் தடுப்பேன், பெடலைப் போல மொடியூலைக் கையால் ஆட்டிப் பார்த்து நோய் கண்டுபிடிக்க முடியாது. எலெக்ட்ரோனிக் என்றால் புதிது, உத்தரவாதச் சீட்டோடு. அக்கூஸ்டிக் (கரன்ட் வேண்டாத சாதாரண செட்) என்றால் பழையது. இந்த இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

சேர்ச்சிலோ பாடசாலை மண்டபத்திலோ ஒரு செட் ஏற்கெனவே நிற்கிறது, கிழமைக்கு இரண்டு தரம் அதைத் தொட விடுவார்கள் என்றால் கணக்கே மாறும். அப்போது வீட்டுக்குச் செட் வேண்டாம். ஒரு பாட், ஒரு நல்ல சங்கிலிப் பெடல், பெடலைப் பூட்டிப் பழக ஒரு பயிற்சித் தட்டு, ஒரு ஸ்டூல். வீட்டில் கையும் காலும், மண்டபத்தில் முழுச் செட். கையில் காசு குறைந்தவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெடலும் ஸ்டூலும் பிறகு எந்தச் செட் வாங்கினாலும் கூடவே வரும்.

கொழும்பில் பழைய செட் அகப்பட்டால் ரயிலோ பஸ்ஸோ பரவாயில்லை, கட்டுகிற விதம்தான் முக்கியம். மேல் ஹெட்டுகளைக் கழற்றி சின்ன டொம்மை ஃபுளோர் டொம்முக்குள்ளும், அதை பேஸுக்குள்ளும் இறக்குங்கள், இடையில் பழைய பெட்சீட். சிம்பல்களுக்கு நடுவே துவாய் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகுகளை ட்ரம்முக்கு ஒரு பை என்று பிரித்துக் கட்டுங்கள். ஹைஹாட் க்ளச்சை மட்டும் எந்தப் பையிலும் போட வேண்டாம், காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.